மூன்று பேரும் சேர்ந்தே வர வேண்டும்

அந்த விதியை எழுதியது நான்தான். வேறு யார் தலையிலாவது கட்டலாமா என்று யோசித்துப் பார்த்துவிட்டேன். ஆள் கிடைக்கவில்லை.

இந்த ஆஸ்பத்திரியில் நான் நோயாளிகள் நல அதிகாரி. பெயர்தான் பெரிது. வேறு யாருக்கும் வேண்டாத வேலை எதுவோ, அது என் மேஜைக்கு வந்து சேரும். சொந்தக்காரர் வராத நோயாளி, வந்து சண்டை போடும் சொந்தக்காரர், காணாமல்போன பல்செட்டு, அடையாளம் தெரியாத பிணம். பதினாறு வருடமாகிறது. இப்போதெல்லாம் காலையில் நாற்காலியில் உட்காரும்போதே சாயங்காலம் ஆகிவிட்ட மாதிரி அலுப்பாக இருக்கிறது.

ஆறு வருடத்துக்கு முன்னால், விபத்தில் அடிபட்டு வந்த ஒருவர் பெயரைச் சொல்லாமலே இறந்துபோனார். நான்கு நாள் பார்த்தோம், தேடி யாரும் வரவில்லை. சட்டைப்பையில் ஒரு சாமி படம் இருந்தது. அதை வைத்து அவர் இன்ன மதம் என்று நாங்களே முடிவு கட்டி, அந்த மதத்து ஆளைக் கூப்பிட்டு எல்லாம் செய்து அனுப்பிவிட்டோம். ஆறாம் நாள் குடும்பம் வந்தது. அவர்கள் வேறு மதம். அந்தப் படம், அவரோடு வேலை செய்த யாரோ கொடுத்ததாம். அன்று மாலை வெளிநோயாளிகள் பிரிவில் ஒரு கண்ணாடிகூட மிஞ்சவில்லை. நான் சலவை அறையில், அழுக்கு விரிப்பு மூட்டைகளுக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம்தான் குழு. கோயில் குருக்கள், தேவாலயத்துப் பாதிரியார், பள்ளிவாசல் இமாம். மூவரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்கவே நான்கு மாதம் பிடித்தது. குருக்களுக்கு மின்விசிறி ஆகாது, பாதிரியாருக்கு மின்விசிறி இல்லாமல் ஆகாது. எல்லோரும் ஹஜ்ரத் என்று கூப்பிடும் இமாம் எதுவானாலும் சரி என்பார். அவர்தான் பெரிய தொல்லை. எதுவானாலும் சரி என்பவரிடம் எதைக் கேட்டு எதை முடிவு செய்வது? ஆனால் மூவரும் நல்ல மனிதர்கள். ஒரு வருடத்துக்குள் ஒருவர் சர்க்கரை அளவு மற்றவருக்கு மனப்பாடம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசமாட்டார். ஒருவர் வேலையாக இருக்கும்போது மற்றவர் போனில்கூடக் கூப்பிடமாட்டார். அவ்வளவு மரியாதை.

விதியைத் தட்டச்சு செய்து, மூவரிடமும் கையெழுத்து வாங்கினேன். மதம் தெரியாத இடத்தில் மூன்று பேரும் சேர்ந்தே வர வேண்டும், சேர்ந்தே நுழைய வேண்டும், தனியாக யாரும் வரக் கூடாது. ஆளுக்கு இரண்டு நிமிடம் பிரார்த்தனை, முறை வைத்து. பிறகு ஒரு நிமிடம் மௌனம். மருத்துவமனை ஊழியர் யாரும் எந்தப் பிரார்த்தனையும் சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரி ஜீப் மூன்று இடத்துக்கும் போய் மூவரையும் ஏற்றிக்கொண்டு நேராகப் பிணவறை வாசலில் இறக்கும். நாற்பத்தோரு பேரை இப்படி அனுப்பியிருக்கிறோம். ஒரு கண்ணாடி உடையவில்லை. வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்து நகல் வாங்கிப் போனார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன்.

அந்த நாற்பத்தோரு பேரும் பிணங்கள். வாயைத் திறந்து எனக்கு இது வேண்டும் என்று கேட்கக்கூடிய ஆள் ஒருவரும் இல்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒன்பதாம் படுக்கைக்காரர் வாய் திறந்து கேட்டார்.

ஏதோ குடோனில் வாட்ச்மேனாக இருந்தவர். கூட வேலை பார்த்தவர் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, ஒரு வாரம் வந்து பார்த்தார், பிறகு காணோம். இதயம் போய்விட்டது, சிறுநீரகமும் கூடவே கிளம்பிவிட்டது. சேர்க்கைப் படிவத்தில் மதம் என்ற கட்டம் காலியாக இருந்ததால் நானே போய்க் கேட்டேன்.

"அம்மா ஒண்ணு, அப்பா ஒண்ணு, கட்டினவ ஒண்ணு. வீட்டுல எல்லாமே இருந்துச்சும்மா. இப்ப யாருமில்ல. எதைன்னு எழுதுவே?"

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்கய்யா. ஃபார்ம் காலியா இருந்தா என்னைத்தான் திட்டுவாங்க."

"அப்ப உன் பேரை எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நான் 'தெரியவில்லை' என்று எழுதினேன்.

ஒரு புதன்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சாயங்காலம் தாண்டாது என்றார். நான் படுக்கை அருகே போனேன். அவருக்கும் தெரிந்திருந்தது.

"ஒரு உதவி பண்ணும்மா. சாமி விஷயம் தெரிஞ்சவங்க யாராவது ஒருத்தரைக் கூட்டிட்டு வா. பக்கத்துல உக்காந்து நாலு நல்ல வார்த்தை சொல்லட்டும்."

"எந்த மாதிரி ஆள் வேணும்யா?"

"யாரா இருந்தா என்ன? ஒருத்தர் போதும்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதனால் சொல்ல முடியாது. நான் என்ன செய்தேன்? படிவத்தைப் பார்த்தேன். மதம் தெரியவில்லை. அப்படியானால் மூன்று பேர். ஜீப் பழுது பார்க்கப் போயிருந்தது. போனை எடுத்தேன்.

குருக்கள் ஒரு கல்யாணத்தில் இருந்தார். பின்னால் ஒரே சத்தம். "இன்னும் அரை மணி நேரம் ஆகும்மா. மத்தவங்க ரெண்டு பேரும் வராங்களா? வராங்கன்னா நான் எப்படியாவது வந்துடறேன்."

பாதிரியார் கல்லறையில் இருந்தார், ஓர் அடக்கம். மெல்லிய குரலில் பேசினார். "முடிஞ்சதும் நேரா வந்துடறேன் மேடம். ஐயாவும் ஹஜ்ரத்தும் வராங்க இல்ல?"

இமாமுக்கு வேலை இல்லை. பள்ளிவாசல் எதிர்ச்சாரியில்தான், சாலையைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. "நான் சும்மாதாம்மா இருக்கேன். இப்பவே வரவா? தனியா வரலாமா? நீங்க சொன்னா வரேன்."

சொல்லியிருக்கலாம். 'வாங்க' என்று ஒரு வார்த்தை. எனக்குச் சலவை அறைதான் ஞாபகம் வந்தது. நாளைக்கு யாராவது ஒரு தம்பி, ஒரு மருமகன், எங்கள் ஆளுக்கு ஏன் அவரைக் கூப்பிட்டாய் என்று வந்து நின்றால்? விதியை எழுதியவளே மீறினாள் என்றால்?

"இருங்க ஹஜ்ரத். மத்தவங்களும் கிளம்பிட்டாங்க. மூணு பேரும் சேர்ந்தே மேலே வந்துடுங்க."

"சரிம்மா" என்றார். எதுவானாலும் சரிதானே அவருக்கு.

அந்த வார்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும், அதில் வைத்துவிட்டுப் போக வேண்டும். வைத்தேன். உள்ளே போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கை ஜில்லென்று இருந்தது.

"வராங்களா?"

"கிளம்பிட்டாங்கய்யா."

கண்ணை மூடிக்கொண்டார். நர்ஸ் வந்து ஏதோ ஒரு குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனாள். சுவரில் கடிகாரம் இருந்தது, நான் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி கண்ணைத் திறந்தார்.

"எங்க இருக்காங்க?"

"வாசலுக்கு வந்துட்டாங்கய்யா." வாய் கூசாமல் சொன்னேன். சாகப்போகிற மனிதனிடம் பொய் சொல்ல இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று எனக்கே வெறுப்பாக இருந்தது.

மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. பார்வை மட்டும் கதவுப் பக்கம் போய்ப் போய் வந்தது. நானாகவே சொன்னேன். "லிஃப்டுக்குப் பக்கத்துல நிக்கறாங்க. இதோ வந்துடுவாங்க."

"ஏம்மா இவ்வளவு நேரம்?"

"மூணு பேரும் சேர்ந்து வரணும்யா."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபம் இல்லை. வயதானவர்களுக்குச் சின்னப் பிள்ளைகளின் கணக்கு புரியாதபோது வருமே, அந்தப் பார்வை.

"ஒருத்தர் போதும்னுதானேம்மா சொன்னேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மூச்சு விட்டு விட்டு வந்தது.

"நீயாவது ஏதாச்சும் சொல்லேன்."

எனக்குத் தெரியும். யாருக்குத்தான் தெரியாது? சின்ன வயதில் தூங்கப் போகுமுன் அம்மா சொல்லித்தந்த நாலு வரி இன்னும் நாக்கில் அப்படியே இருக்கிறது. ஆனால் ஊழியர் யாரும் சொல்லக் கூடாது. நர்ஸ் திரும்பி வந்து அடுத்த படுக்கையருகே நின்றிருந்தாள். என் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. "இதோ வந்துடுவாங்கய்யா" என்றேன் மறுபடியும்.

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு நர்ஸ் வந்து அவர் மணிக்கட்டிலிருந்து என் கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

வெளியே வந்து போனை எடுத்தேன். பதினேழு அழைப்புகள் தவறியிருந்தன. எட்டு இமாமுடையவை. ஐந்து பாதிரியார். நான்கு குருக்கள். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினேன்.

கீழே, லிஃப்டுக்குப் பக்கத்துப் பெஞ்சில் இமாம் உட்கார்ந்திருந்தார். ஒன்றே முக்கால் மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். என்னைக் கண்டதும் எழுந்தார். "மத்தவங்க வந்தாச்சாம்மா?"

பாதிரியார் பின்பக்கம் கார் நிறுத்துமிடத்தில், வண்டிக்குள் இருந்தார். காலணியில் கல்லறை மண் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மணி இருபதுக்கே வந்துவிட்டார். குருக்கள் அவசரப் பிரிவு வாசலில் வெயிலில் நின்றிருந்தார். கல்யாணத்தைப் பாதியில் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறார், இரண்டரை மணிக்கு.

மூன்று வாசலில் மூன்று பேர். எந்த வாசல் என்று நான் எழுதவில்லை. ஜீப் இருந்ததால் எழுதத் தேவையில்லாமல் போயிற்று. நான் பொய் என்று நினைத்துச் சொன்னதெல்லாம் உண்மை. கிளம்பிவிட்டார்கள். வாசலுக்கு வந்துவிட்டார்கள். லிஃப்டுக்குப் பக்கத்திலேயே ஒருவர் இருந்தார்.

மூவரையும் லிஃப்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தேன். "ஏன் ஒருத்தருக்கொருத்தர் போன் பண்ணிக்கல?" என் குரல் உயர்ந்துவிட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஃபாதர் அடக்கத்துல இருப்பாரேன்னு…" என்றார் குருக்கள்.

"ஐயா கல்யாண வேலையில இருப்பாரு, அந்த நேரத்துல போய்…" என்றார் பாதிரியார்.

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அதைவிட அதிகமாக அங்கேயே அந்தப் பெஞ்சில் படுத்துத் தூங்கிவிடலாம் போல இருந்தது.

நான்கு பேரும் மேலே போனோம். சேர்ந்தே நுழைந்தோம். அன்று முதலில் சொல்லும் முறை பாதிரியாருடையது. ஆளுக்கு இரண்டு நிமிடம், ஒரு நிமிடம் மௌனம், எல்லாம் ஒழுங்காக நடந்தது. பதிவேட்டில் நாற்பத்திரண்டு என்று எழுதி மூவரிடமும் கையெழுத்து வாங்கினேன். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது குருக்கள் கேட்டார்.

"கடைசியா ஏதாவது சொன்னாராம்மா?"

இன்னொரு பொய் சொல்லத் தெம்பு இல்லை. சொன்னேன், அவர் சொன்னபடியே. குருக்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பாதிரியார், அடுத்த கூட்டத்தில் விதியைத் திருத்தலாம் என்றார். அதற்கு மூவரும் ஒப்புக்கொள்ள வேண்டும், வாசகம் எழுத வேண்டும், நாள் குறிக்க வேண்டும். இருவரும் போய்விட்டார்கள்.

இமாம் மட்டும் நின்றார்.

"நான் கேட்டேனேம்மா" என்றார். குற்றம் சாட்டவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. "தனியா வரவான்னு கேட்டேன். கேக்காமலே வந்திருக்கணும். வழி தெரியாதா எனக்கு?"

"நான்தான் இருங்கன்னு சொன்னேன், ஹஜ்ரத்."

"ஆமா" என்றார். ஆறு வருடத்தில் முதல் முறையாக அவர் சரி என்று சொல்லவில்லை.

பிணவறை ஊழியர்கள் தள்ளுவண்டியுடன் வந்தார்கள். ஒரு நிமிடம் இருங்கள் என்றேன். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தேன். அவர் காதருகே குனிந்து, அம்மா சொல்லித்தந்த நாலு வரியையும் சொன்னேன். எந்தச் சாமியின் வார்த்தை என்று தன் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோல இமாம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை.