கன்னத்து மஞ்சள்

நளினிக்குப் பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள். அதில் ஐந்து நாளை மஞ்சள் காமாலை என்று பையன் ஆஸ்பத்திரியில் நீல விளக்கின் கீழேயே கழித்துவிட்டான். வீட்டுக்கு வந்து மூன்று நாள்தான் ஆகிறது. மறுபடி கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் இவள் மணிக்கு நாலு தடவை அவனை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். தூங்குகிற பிள்ளையை இப்படி எழுப்பிவிட்டு, ஐயோ அழுகிறானே என்று கவலைப்படுகிறவளை என்னதான் சொல்வது?

அன்று காலை கணவன் தினேஷ்வரன் அலோர் காஜாவுக்கு வேலைக்குப் போனதும், பிள்ளை பெற்றவள் குளிக்கும் முறைப்படி, அரைத்த மஞ்சளை முகம், கழுத்து, மார்பெல்லாம் பூசி வெந்நீரில் குளித்தாள். பால் கொடுத்தவள் அப்படியே அரைமணி நேரம் கண்ணயர்ந்துவிட்டாள். விழித்துப் பார்த்தால் பையனின் கன்னமும் மூக்கும் மஞ்சளாக இருக்கின்றன. பிள்ளையை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள்.

பக்கத்து வீட்டு கரீமா வாசலில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுக் கடை போட்டிருப்பவள். வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அக்கா, மறுபடி மஞ்சளாயிட்டான்க்கா. கிளினிக் போகணும்."

கரீமா கையிலிருந்த கரண்டியை வைத்தாள். அடுப்பை அணைத்தாள். "வா, காடில ஏறு," என்று கார்க் கதவைத் திறந்தாள்.

மெர்லிமாவ் கிளினிக்கில் நர்ஸ் இந்திராதேவி பையனின் கண்ணிமையை விலக்கிப் பார்த்தாள். நெற்றியை விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு நளினியின் கழுத்தைப் பார்த்தாள். ஈரப் பஞ்சை எடுத்துப் பையனின் கன்னத்தைத் துடைத்தாள். பஞ்சு மஞ்சளானது. கன்னம் சிவந்து பளிச்சென்று இருந்தது.

"காலையில மஞ்ச பூசிக் குளிச்சீங்களா?"

நளினிக்குத் தரையில் புதைந்துபோகலாம் போலிருந்தது. "பால் குடிக்கிறப்ப ஒட்டியிருக்கு போல. மன்னிச்சிருங்க நர்ஸ்."

"எதுக்கு மன்னிப்பு? சந்தேகம்னா வரணும்லா. வந்தது வந்துட்டீங்க, ரத்தமும் பாத்துருவோம்."

குதிகாலில் குத்தியபோது பையன் வீறிட்டான். முடிவு வர ஒரு மணி நேரம். நளினி தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டாள். அருகில் கரீமா வாய்க்குள்ளேயே துஆ ஓதிக்கொண்டிருந்தாள்.

"காமாலை ரொம்ப எறங்கிருச்சு. இனிமே இதுக்காக நீங்க வரவேண்டாம்," என்றாள் நர்ஸ்.

நளினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்ததும் கரீமாவிடம், "ஒங்க வியாபாரமே கெட்டுப்போச்சுக்கா. நீங்க மட்டும் இல்லன்னா..." என்று அழுதுவிட்டாள்.

"நாசி நாளைக்கும் ஆக்கலாம்லா. கண்ணத் தொடச்சிக்க," என்றாள் கரீமா. காடியைக் கிளப்பியவள், "நேரா வீட்டுக்குத்தானே?" என்று கேட்டாள்.

நளினி கொஞ்சம் யோசித்தாள்.

"ஒரு ரவுண்டு சுத்திட்டுப் போலாம்க்கா. இவன் இன்னும் ஊரையே பாக்கலையே."

கரீமா சிரித்துக்கொண்டே பசார் கடைத்தெருப் பக்கம் திருப்பினாள். ஊர் பார்க்க வேண்டியவன் மடியில் நன்றாகத் தூங்கிவிட்டான். அவனுக்கும் சேர்த்து நளினி ஒவ்வொரு கடையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.