நாற்பது நாள் கட்டு

மத்திலேட்டியின் வலது கை மேலே போனால் இரண்டில் ஒன்று உடையும். பேதஞ்செர்லா குவாரியில் என்றால் பலகைக்கல், வீட்டில் என்றால் பெண்டாட்டி சுங்குலம்மா. அவளுடைய இடது காது போன வருடமே அடைத்துப்போயிற்று.

அன்றைக்குச் சோள ரொட்டி கருகிவிட்டது என்று கையை ஓங்கினான். பன்னிரண்டு வயது மகள் பாக்யா குறுக்கே வந்துவிட்டாள். அடி அவள் கன்னத்தில் இறங்கியது. பிள்ளை சுவரில் மோதி, உதடு கிழிந்து, ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பினாள். சுங்குலம்மா பிள்ளையை வாரி அணைத்தாள். என்னோடு போகட்டும் என்று இத்தனை நாள் பொறுத்திருந்தாளே, இப்போது பிள்ளை மேலேயா! அவன் மறுபடி கையைத் தூக்கினான். பாதியில் "அய்யோ!" என்று அலறி, தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் அரசு ஆஸ்பத்திரி. ஊசி என்ற சொல் விழுந்ததுமே, அத்தனை பெரிய சம்மட்டிக்காரன் பீடி குடிக்கிற சாக்கில் வெளியே நழுவினான். டாக்டரம்மா சுங்குலம்மாவிடம்தான் விவரம் சொன்னாள்.

"தோள்ல எலும்பும் சதைநாரும் உரசாம இருக்க நடுவுல சின்னதா ஒரு பை இருக்கும்மா. உள்ள வழவழன்னு தண்ணி. சம்மட்டி ஓங்கி ஓங்கி அது வீங்கிப்போச்சு. மாத்திரை குடு, ஐஸ் ஒத்தடம் குடு. ரெண்டு மூணு நாள் கைக்கு ஓய்வு. அப்புறம் தினமும் சுவத்துல விரலை மெல்ல மெல்ல மேல ஏத்தணும். கட்டிப் போட்டுடாதே. தோள் இறுகிடும், பின்னால தூக்கவே வராது." சுங்குலம்மா வலது காதையே திருப்பிக் கேட்பதைப் பார்த்து, இடது காதைத் தொட்டு, "இது யாரு பண்ணுனது?" என்றாள்.

"வெளியே பீடி குடிக்குதே, அதுதான்."

மத்திலேட்டி வாசலிலேயே குதித்தான். "எலும்புல ஊசி குத்தி என்னை நொண்டியாக்கப் பாக்குறாளா? கட்டு போடத் தெரியாதவ எல்லாம் டாக்டரா! நட, ஈரண்ணாகிட்ட போலாம்." அந்தப் பக்கத்து ஆண்களே அப்படித்தான். பல்வலி ஒன்றுக்குத்தான் கட்டு போடச் சொல்ல மாட்டார்கள்.

எலும்பு வைத்தியர் ஈரண்ணா தோளை அழுத்திப் பார்த்தார். "முறிவு ஒண்ணும் இல்லப்பா. சூடா எண்ணெய் ஒத்தி விடுறேன். கையை அசைச்சுட்டே இரு, சரியாயிடும்."

"கட்டு போடாம நீ என்னய்யா வைத்தியன்?" இடது கையால் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "போடுறியா, இல்ல உன் மண்டையை ஒடைக்கட்டுமா?"

ஈரண்ணா பச்சிலை அரைத்துப் பூசி, முட்டை வெள்ளையில் நனைத்த துணி சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கையை மார்போடு சேர்த்துக் கட்டினார். சுங்குலம்மாவிடம் தாழ்ந்த குரலில், "தொல்லை பொறுக்காம போட்டேன். மூணாம் நாள் பிரிச்சிடும்மா, மறந்துடாதே," என்றார்.

"எத்தனை நாளாம்?" என்றான் மத்திலேட்டி, தெருவில்.

பாக்யா துப்பிய பல் சுங்குலம்மாவின் கண்ணில் நின்றது.

"நாப்பது."

நாற்பது நாளும் அவன் சும்மா கிடந்தானா என்ன! இடது கையால் சொம்பை வீசினான், காலால் உதைத்தான். அவள் அவனுடைய சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு குவாரிக்குப் போனாள். முதல் வாரம் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. பிறகு காய்த்துப்போயிற்று. "ஏண்டி சுங்கி, புருசன் மேல இருக்கிற கோபத்துக்குக் கல்லு என்னடி பாவம் பண்ணுச்சு?" என்று கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். வலியில் அவன் முனகும்போது, மூன்றாம் நாளே பிரிக்கச் சொன்னதைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வரும். அவன் இருமினாலே பாக்யா நடுங்கி எழுந்து நிற்பாள். அதைப் பார்த்ததும் சுங்குலம்மா வாயை மூடிக்கொள்வாள்.

நாற்பதாம் நாள் அரிவாளால் கட்டை அறுத்தாள். கை சூம்பிப்போயிருந்தது. தூக்கினான். மார்பு வரை வந்து அப்படியே நின்றுவிட்டது. இன்னும் தூக்கப் பார்த்து ஓவென்று கத்தினான்.

"என் கையை என்னடி பண்ணினீங்க!"

இடது கையால் விறகுக்கட்டையை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற பாக்யா மேல் பாய்ந்தான். கட்டை இறங்குவதற்குள் சுங்குலம்மா அந்த மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். நாற்பது நாள் சம்மட்டி பிடித்த கை அது. முறுக்கினாள். மளுக்கென்றது. கட்டை கீழே விழுந்தது, மத்திலேட்டியும் விழுந்தான்.

சுங்குலம்மா கட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"பாக்யா, ஓடிப்போய் ஈரண்ணாவைக் கூட்டிட்டு வா. இந்தத் தடவை நிஜமாவே முறிஞ்சிருக்குன்னு சொல்லு."