மூன்று பேர் இறுக்கிய வளையம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் என் பட்டறை. பம்பு கம்பெனி ஒன்று மரை போல்ட் கேட்டது. திங்கட்கிழமை மாதிரி போல்ட் போய்ச் சேர்ந்தால் வருஷம் முழுக்க ஆர்டர். இல்லாவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

மரையைச் சோதிக்க இரண்டு வளையம் வேண்டும். கோ வளையம் போல்ட்டில் ஏறவேண்டும், நோ-கோ ஏறக்கூடாது. இரண்டுக்கும் நடுவே கம்பெனி விட்ட இடமே ஒரு தலைமுடி கனம். சம்பளத்துக்கு இருக்கும் லாவண்யா வளையத்துக்குப் படம் போட்டாள்.

கம்ப்யூட்டரில் கோடு போடுகிறவளுக்கு லேத்துக்காரன் செய்யும் தில்லுமுல்லு என்ன தெரியும்? அவளிடம் சொல்லாமல், ஆவடியில் வளையம் செய்யும் இஸ்மாயிலுக்குப் போன் போட்டேன்.

"பாய், படத்துல கீறத வுட கோவ இன்னும் சின்னதாக்கு, நோ-கோவப் பெருசாக்கு. நடு எடம் இறுகட்டும்."

"இன்னா நைனா, உன் ஆளு போட்ட படத்தையே நம்ப மாட்டியா?"

"உன்னையே நம்பல. செய்யி."

வளையம் வந்தது. கோ ஒரு போல்ட்டிலும் ஏறவில்லை. லேத்துக்காரன் பச்சையப்பன் நாலைந்து போல்ட்டை இன்னும் கடைந்து ஏற்றினான். உடனே நோ-கோவும் ஏறிவிட்டது.

"காலைல சென்ட்ரல் டிரெயின்ல கூட எடம் கெடைக்கும் நைனா, இது நடுவுல கெடைக்காது" என்றான்.

"வேல தெரியாத நாயே" என்றேன். மாதிரி போகவில்லை. ஆர்டர் குத்தம்பாக்கத்துப் பட்டறைக்காரனுக்குப் போனது.

மறுநாள் இஸ்மாயில் பணம் வாங்க வந்தான். விஷயத்தைக் கேட்டுத் தலையைச் சொறிந்தான். "வளையம் சீக்கிரம் தேஞ்சி லூசாயிடுச்சினு எல்லாம் என் சட்டையப் புடிக்கிறானுங்க. நானும் கொஞ்சம் சேத்து இறுக்கினேன்."

லாவண்யா குனிந்துகொண்டாள். "பாய் லூசா செஞ்சிடுவாரோன்னு நானும் இறுக்கித்தான் சார் படம் போட்டேன்."

மூன்று பேரும் கடித்ததில் அந்த முடி கனம் தீர்ந்துபோயிருந்தது.

அவள் கம்பெனிக்குப் போய் அவர்களுடைய வளையங்களை இரவல் வாங்கி வந்தாள். நான் கழித்துப் போட்ட போல்ட் ஒவ்வொன்றிலும் கோ வழுக்கிக்கொண்டு ஏறியது, நோ-கோ நின்றது.

"எல்லாம் நல்ல போல்ட்டு சார்." அழுதுவிட்டாள்.

அந்தக் கோ வளையத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.

"இத்த யாரு குடுத்தது?"

"அவங்க இன்ஸ்பெக்டர்."

"ஆர்டர வேற ஊட்டுக்குக் குடுத்தவன் குடுத்த வளையம். எவ்ளோ தேஞ்சி கீதோ."

பச்சையப்பன் லேத்தை நிறுத்திவிட்டுக் கை கழுவப் போனான்.