சங்கத்து மேசை

1942 மார்ச் மாதம் காஜா பேராங் ஊரில் தமிழர் உதவிச் சங்கத்தின் மேசை வளரத் தொடங்கியது. தலைவர் பொன்னுதுரை தீர்மானத்தை வாசித்து மூன்று வரை எண்ணுவார். அதற்குள் யாரும் பேசாவிட்டால் நிறைவேறியதாகக் கொள்வது அங்கே பழைய வழக்கம். ஜப்பான்காரன் ஊரைப் பிடித்தபின் குழுவின் ஏழு பேரில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஒவ்வொரு மௌனத்துக்கும் மேசை ஒரு முழம் நீண்டது. ஜப்பான் கொடிக்குக் கம்பம் நட்டதற்கு ஒரு முழம், வானொலிப் பெட்டியை ஒப்படைத்ததற்கு ஒரு முழம். மறு ஆண்டு அது வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. மாட்டுவண்டிகள் சுற்றிக்கொண்டு போயின. தெருக்கோடி நாற்காலி செயலாளர் நல்லையாவுக்கு. தலைவர் சொல்வது அவர் காதில் பாதிதான் விழும். விழாததும் நிறைவேறிவிடும்.

ஜூனில் ஜப்பானிய அதிகாரி சயாம் ரயில் பாதைக்கு நாற்பது ஆட்களைக் கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள் சங்கமே பெயர் கொடுக்க வேண்டும். சயாம் போனவர் யாரும் அதுவரை திரும்பியதில்லை. தலைவர் எழுதிய பட்டியல் ஞாயிறன்று கைமாறிக் கைமாறி நல்லையாவிடம் வந்தது. முதல் பெயர் நல்லையாவின் தம்பி தியாகு. தம்பியின் பெயர் இருந்ததால்தான் மற்ற முப்பத்தொன்பது பெயர்களையும் படித்தார் என்பதை அவர் கடைசிவரை மறைக்கவில்லை. தூரத்தில் தலைவர் இரண்டு எண்ணிவிட்டார்.

"தலைவரே, நான் ஒத்துக்க மாட்டேன்," என்று கத்தினார்.

மேசை சுருங்கி அவரை நாற்காலியோடு வாசல்வரை இழுத்து வந்தது. பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். பேசப் பேசச் சுருங்கி, மாலைக்குள் ஏழு பேரின் முழங்காலும் இடித்துக்கொண்டன.

"நாம கொடுக்கலன்னா அவனே தூக்கிட்டுப் போவான்லா. வெள்ளிக்கிழமை என்ன சொல்றது?" என்றார் பொன்னுதுரை. அவரும் பயந்திருப்பதை நல்லையா அன்றுதான் கிட்டத்தில் பார்த்தார்.

"ஒன்னும் சொல்ல வேணாம்," என்றார் நல்லையா.

அதுவே தீர்மானமானது. ஏழு பேரும் வாய்விட்டுச் சம்மதம் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வாசலை மறித்து, மேசைக் கோடியில் நல்லையாவின் நாற்காலியில் உட்கார்ந்து பட்டியலைக் கேட்டார். ஏழு பேரும் கைகளை மேசைக்கடியில் கோத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். மேசை ஒரு தெரு நீளம் வளர்ந்து அவரை வெளியே தள்ளிப் போனது. அவர் இன்னும் உரக்கக் கேட்டார். அது இன்னும் நீண்டது. சிப்பாய்கள் பின்னால் ஓடினார்கள். தெங்கேரா கடற்கரையிலும் அவர் கேட்டுக்கொண்டே போனதாக மீனவர்கள் சொன்னார்கள். அடுத்து வந்த அதிகாரி நின்றுகொண்டே பேசினார், பெயர் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு மரவள்ளிக்கிழங்கைப் பங்கிடும் விஷயத்தில் ஏழு பேருக்கும் ஏழு ஆட்சேபணை. மேசை மறுபடி சுருங்கி, அதில் குவளை வைக்க இடமில்லாமல் போனது. தியாகு கொண்டுவந்த சோளக் காப்பியை எல்லோரும் மடியில் வைத்துக் குடித்தார்கள்.