குடைக்குக் கீழே நிழல்

காற்றில் ஒரு மஞ்சள் கோடு. எதிலும் ஒட்டாமல், எதன்மேலும் சாயாமல், அறையின் நடுவே எரிகிறது.

கண்ணை மூடி மாட்டியிருக்கும் வி.ஆர். ஹெட்செட்டைக் கழற்றினால் அது இல்லை. ஜன்னலில் சென்னையின் நவம்பர் மழை மட்டும். மாட்டினால் மறுபடி எரிகிறது. நான் இழுத்த கோடு.

இங்கே காகிதம் கிடையாது. கை போகும் இடமெல்லாம் வண்ணம். மேலே, கீழே, முன்னே, பின்னே. இந்த முன்னே பின்னேயோடுதான் எனக்குச் சண்டை.

எனக்கு இடது கண் பார்வை இல்லை. ஆறு வயதில் ஒரு தீபாவளி ராக்கெட் கொண்டுபோனது. ஒற்றைக் கண்ணுக்கு எது கிட்டே, எது தூரம் என்று சட்டென்று பிடிபடாது. யாராவது பாவம் என்று உச்சுக்கொட்டினால் இப்போதும் எரிச்சல் வரும்.

டம்ளரின் விளிம்பில் ஜக்கின் மூக்கை முட்டவைத்துத்தான் தண்ணீர் ஊற்றுவேன். முட்டினால் சிந்தாது. பார்ப்பவர்களுக்கு அது விநோதம். எனக்கு அது தண்ணீர் ஊற்றும் முறை, அவ்வளவுதான்.

காற்றில் வரையும்போதும் முட்டிக்கொள்ள இடம் உண்டு. கையில் பிடித்து வரையும் பேனாவின் நுனிக்கு நேர்கீழே தரையில் ஒரு நிழல் விழும். வரைந்த கோட்டுக்கும் விழும். நுனியிலிருந்து நிழல்வரை மெல்லிய நூல் இறங்கும். சுற்றிலும் கட்டங்கள். கை தாண்டிப் போனால் கட்டம் சிவக்கும். துணைக்கோடுகள் என்று பெயர். ஒரு பொத்தானில் வரும், அதே பொத்தானில் போகும்.

அன்று அனிமேஷன் கம்பெனியில் வேலைக்கான தேர்வு. காற்றில் ஒரு குடை வரைய வேண்டும். தேர்வு நடத்திய, மூக்குக்கண்ணாடி போட்ட தயாளன் சார் முதலிலேயே சொல்லிவிட்டார். "துணைக்கோட்ட எல்லாம் ஆஃப் பண்ணிட்டு வரைங்க. கைப்பழக்கம் எப்படின்னு பாக்கணும்."

அணைத்தேன். வரைந்தேன். முன்னால் நின்றால் நல்ல குடை. பக்கவாட்டில் போனேன். விளிம்பு வட்டம் முறுக்கிக்கொண்டு கிடந்தது. கம்பிகள் ஆளுக்கொரு திசையில். ஒரு பக்கத்துக்கு மட்டும் குடை.

"என்ன மெர்லின், குடை காத்துல திரும்பிக்கிச்சா?"

தயாளன் சார் சிரித்தார். தேர்வுக்குக் காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. இன்னொரு தடவை வரையச் சொன்னார்.

பொத்தானை அமுக்கினேன். நிழல் விழுந்தது. நூல் இறங்கியது. நான் பார்ப்பதெல்லாம் சுவரில் பெரிய திரையிலும் தெரியும்.

"ஆஃப் பண்ணுங்க."

"மாட்டேன் சார்."

"அத வச்சுக்கிட்டு யார் வேணும்னாலும் வரைஞ்சிடலாமே."

ஹெட்செட்டை நெற்றிக்கு ஏற்றினேன். அவரை நேராகப் பார்த்தேன். "அப்ப நீங்க மொதல்ல கண்ணாடியக் கழட்டுங்க சார். நானும் ஆஃப் பண்றேன்."

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு இந்த வேலை வேண்டும். காற்றில் வரைவதைவிட எனக்குப் பிடித்தது எதுவுமில்லை. ஆனாலும் அமுக்கிய பொத்தானை மறுபடி அமுக்க மாட்டேன்.

அவர் கை கண்ணாடிக்குப் போனது. சட்டத்தைத் தொட்டது. கழற்றவில்லை.

"வரைங்க," என்றார்.

வரைந்தேன். நுனி நகர, நிழல் நகர்ந்தது. நிழல் வட்டம் போட, காற்றில் வட்டம் மூடியது. ஒவ்வொரு கம்பியும் நூலைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்து, தன் இடத்தை விசாரித்து, உட்கார்ந்தது. மஞ்சள். நீலம். மறுபடி மஞ்சள்.

தயாளன் சார் ஹெட்செட்டை வாங்கினார். கண்ணாடியோடுதான் மாட்டிக்கொண்டார். குடையைச் சுற்றி நடந்தார். இந்தப் பக்கம் குடை. அந்தப் பக்கமும் குடை. குனிந்து உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தார். திரையில் கம்பிகள் விரிந்து தெரிந்தன. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"திங்கக்கெழம வந்துடுங்க மெர்லின்," என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, "படத்த சேவ் பண்றேன். இந்த நிழல், நூல் எல்லாம் எடுத்துடலாமில்ல?"

குடைக்குக் கீழே, அந்த நிழலுக்குள் நின்றுகொண்டுதான் அதைக் கேட்டார்.

"இருக்கட்டும் சார்," என்றேன். "எல்லாரும் பாக்கட்டும்."