சீரகத்தைவிடச் சின்ன ஏணி

அந்த ரூமுக்குள் நுழைந்ததும் நான் செய்த முதல் காரியம் ஃபேன் சுவிட்சைத் தட்டியதுதான். சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. பரண்மேல் இருந்த என் பெட்டியை எடுக்கத்தான் போனேன். குன்றத்தூரில் அம்மா வீட்டுக்குக் கிளம்பியாயிற்று, ஆட்டோ புக் பண்ணியாயிற்று, இனிமேல் திரும்பி வருவதில்லை என்று முடிவும் பண்ணியாயிற்று. ஆனால் என் வீட்டுக்காரர் அசார், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, நெற்றியெல்லாம் வேர்த்து ஊற்றத் தரையில் உட்கார்ந்திருந்தார். செம்பாக்கத்து மே மாத மத்தியானத்தில் ஒரு மனுஷன் அப்படி உட்கார்ந்திருந்தால் கை என்ன செய்யும்? தானாகப் போய்விட்டது.

"ஃபேன்! ஃபேன்!" என்று கத்தினார். அணைத்தேன். அதற்குள் பறந்துவிட்டது.

பறந்தது ஓர் ஏணி. சீரகத்தைவிடச் சின்னது. அதில் படிகள் வேறு, கைப்பிடி வேறு. அவர் முன்னால் குட்டை டீப்பாயில் ஒரு போர்க்கப்பல் நிற்கிறது, நிஜக் கப்பலை முந்நூற்று ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கியது. உடம்பு பிளாஸ்டிக். ஏணி, ரெயிலிங், ரேடார் வலை எல்லாம் காகிதம் மாதிரி மெல்லிய பித்தளைத் தகட்டில் ஆசிட்டால் அரித்து வெட்டி வரும். பிளேடால் ஒவ்வொன்றாக நறுக்கி, இடுக்கியால் மடித்து, ஊசி முனையில் பசை தொட்டு ஒட்ட வேண்டும். மூச்சு விட்டாலே போய்விடும். அவருக்கு மறைமலை நகரில் ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனியில் பகலெல்லாம் குறை கண்டுபிடிக்கிற உத்தியோகம். வீட்டுக்கு வந்தால் இது.

எனக்குக் கப்பல்மேல் பகை ஒன்றும் கிடையாது. பகை அந்த ரூமால் வந்தது. எங்கள் குழந்தைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த ரூம் அது. அஞ்சாம் மாசம் வயிற்றிலேயே குழந்தை இல்லையென்று ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அம்மா வீட்டுக்குப் போய், கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், அங்கே டீப்பாயும் பசை டப்பாவும் இந்தக் கப்பலும். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அழவும் இல்லை அந்த மனுஷன். ஆபீஸ் விட்டால் ரூம், ரூம் விட்டால் ஆபீஸ். நான் ஹாலில் டிவியோடு பேசிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நாள்தான் பேசுவது?

"அசையாதே தபசு. கால் பட்டா நசுங்கிடும்."

பெண்டாட்டி வீட்டை விட்டுப் போகிறாள். போகாதே என்று சொல்லத் தோன்றவில்லை, அசையாதே என்கிறார். அதுவும் எனக்காக இல்லை, ஏணிக்காக. வந்த ஆத்திரத்தில் அந்தத் தரை முழுக்க மிதித்துத் துவைத்திருக்க வேண்டும். ஏன் செய்யவில்லை என்று அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

"நான் போறேங்க."

"தெரியும்." அவர் நிமிரவே இல்லை. "கொஞ்சம் தேடிக் குடுத்துட்டுப் போயேன்."

இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? நான் மண்டியிட்டேன்.

ஜன்னல் திரையை இழுத்து மூடினார். இருட்டாக்கி, டார்ச்சைத் தரையோடு தரையாக வைத்தால்தான் அதெல்லாம் கண்ணில் படுமாம். இரண்டு பேரும் குப்புறப் படுத்தோம். கன்னத்தில் மொசைக் ஜில்லென்று இருந்தது. நான் தினமும் பெருக்கித் துடைக்கிற தரைதான், ஆனால் அந்த வெளிச்சத்தில் அது என் வீட்டுத் தரையாகவே தெரியவில்லை. ஒவ்வொரு தூசிக்கும் விரல் நீளத்துக்கு நிழல். என் தலைமுடி ஒன்று ஆற்றைப் போல் வளைந்து கிடந்தது. எப்போதோ என் துப்பட்டாவிலிருந்து உதிர்ந்த ஜிகினா ஒன்று தூரத்தில் ஒரு ஊர் மாதிரி மின்னியது. மேலே தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் விமானம் ஒன்று முனகிக்கொண்டே வட்டமடித்தது. தண்ணீருக்கு அடியில் படுத்துக்கொண்டு கேட்பது போல இருந்தது. எங்கே போகக் கிளம்பினேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

போன் அடித்தது. ஆட்டோக்காரர்.

"யக்கா, உன் வூட்டு வாசல்லதான் நின்னுகினு கீறேன். வர்றியா, கேன்சல் பண்றியா?"

"கொஞ்சம் இருங்கண்ணா. ஏணி விழுந்துடுச்சு, அதான்."

"அய்யோ, ஏணியா? யார் மேலனா வுழுந்துச்சா? கையி காலு நல்லாகீதா?"

"யார் மேலயும் விழல. சின்ன ஏணி."

அசார் சிரித்தார். தரையில் முகம் வைத்தபடி, வயிறு குலுங்க. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாசம்! எனக்கும் சிரிப்பு வந்தது. வந்ததே என்று எரிச்சலாகவும் இருந்தது.

"இந்த ஒரு ஏணிதானா? இல்லேன்னா கப்பல் நின்னு போயிடுமா?"

"தகட்டுல எக்ஸ்ட்ரா ரெண்டு இருக்கு. எப்பவும் கூடத்தான் போட்டு அனுப்புவாங்க."

"அப்புறம் எதுக்குங்க தேடுறோம்?"

அவர் டார்ச்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அடப்பாவி மனுஷா, போகாதே என்று சொல்ல வாய் வராமல், என்னை இப்படித் தரையில் படுக்க வைத்திருக்கிறாயே!

"ரெயிலிங் பூரா போட்டாச்சு தபசு," என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "முன்னாடி, பின்னாடி, மேல்தட்டு எல்லாம். ஒரு இடம் விடல. யாரும் கீழ விழுந்துடக் கூடாதுல்ல."

அவருடைய முழங்கையைத் தொட்டேன். வேர்வையில் ஈரமாக இருந்தது.

"நான் பேர் வெச்சிருந்தேன். பொண்ணுதான்னு நானா நெனச்சுக்கிட்டு. உன்கிட்ட சொல்றதுக்குள்ள..."

"என்ன பேரு?"

"மெஹ்ரின்."

சொல்லி முடித்ததும் அவருக்கு அழுகை பீறிட்டது. சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார். அத்தனை மாசம் எங்கே வைத்திருந்தாரோ. நான் அந்தப் பேரை ஒரு தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அப்புறம் கொஞ்சம் சத்தமாக.

டார்ச் அவர் கையிலேயே இருந்தது. அவர் அழ அழ அது அண்ணாந்துகொண்டது. எதிர்ச் சுவர் முழுக்கக் கப்பலின் நிழல் எழுந்து நின்றது, கூரையைத் தொடுகிற உயரத்துக்கு. ரெயிலிங்கில் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகத் தெரிந்தது. வெளியே ஆட்டோக்காரர் நீளமாக ஒரு ஹாரன் அடித்தார். நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை. சுவரில் கப்பல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஜன்னல் பக்கம் நகர்ந்து போய்க்கொண்டிருந்தது.