வீட்டு கேஸ்

"அடுப்பத் தொடாதடி!" ராஜம்மா பெரியம்மா லோஷினியின் கையைத் தட்டிவிட்டாள். "உங்கம்மா இன்னும் ஹால்லதான் படுத்திருக்கா. பொணம் போகாம இந்த வீட்டுல தீ எரியக்கூடாது."

"ஒரு கோப்பி கலக்கறதுக்குக் கூடவா?"

"பக்கத்து வீட்ல போய்க் குடி. படிச்சுட்டா முறை மாறிடுமா?"

லோஷினி விருட்டென்று பின்வாசலுக்குப் போனாள். அங்கே மூன்று செங்கல், பாதி எரிந்த ரப்பர் விறகு, பக்கத்தில் கரி அப்பிய இட்லிப் பானை. நேற்று விடியலில் இதன் முன்னால்தான் அம்மா கஸ்தூரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து கிடந்தாள். தொழிற்சாலைப் பஸ்ஸுக்கு நிற்கும் ரெங்கம் ஊர் ஆட்களுக்கான நாற்பது பொட்டலத்து இட்லி அப்போது வெந்துகொண்டிருந்ததாம்.

இந்தச் செங்கற்களை அவள் இதற்குமுன் பார்த்ததில்லை. ஜொகூர் பாருவிலிருந்து மாதம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை வருவாள். அன்று வியாபாரம் கிடையாது; செங்கல்லை அம்மா ஒதுக்கி வைத்துவிடுவாள் போலும். உள்ளே கேஸ் அடுப்பில் மீன்குழம்பு கொதிக்கும்.

"எப்பலேருந்து விறகு, பெரியம்மா?"

"போன வருசத்துலேருந்து. நீதான் சொன்னியாமே."

அவள்தான் சொன்னாள். வணிக அமைச்சின் அமலாக்கப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிது. அன்று போனில் படபடத்தாள். "அம்மா, வீட்டு கேஸ் மானியத்துல வர்றது. அதுல வியாபாரம் பண்ணக்கூடாது. புடிச்சா எம்மானம் போகும்." அம்மா, "சரிடா கண்ணு" என்றதோடு சரி.

சில மாதங்களில் சிறு வியாபாரிகளுக்கு அந்த விதியைத் தளர்த்திவிட்டார்கள். சுற்றறிக்கையை நகலெடுத்து அலுவலகப் பலகையில் குத்தியதே லோஷினிதான். அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. மானியம் என்ற சொல்லை நாளுக்கு நூறு முறை தட்டச்சு செய்கிறவளுக்கு, அது ஓர் அடுப்பில் எரிகிற சாமான் என்பது மறந்து போயிருந்தது.

வாசலில் லோரி நின்றது. கேஸ் போடும் ஐயாசாமி. எப்போதும் இரண்டு முறை ஹார்ன் அடிப்பார், இன்று அடிக்கவில்லை. அந்தச் சத்தம் கேட்டால் அம்மா ஈரக்கையோடு ஓடுவாள். புது கேஸ் தோம்பை மோதிர விரலால் தட்டி, காது வைத்துக் கேட்டு, "நெறஞ்சிருக்கு" என்று சிரிப்பாள். லோஷினியின் எஸ்.பி.எம். பள்ளி இறுதிப் பரீட்சைக் காலையில் கேஸ் தீர்ந்தபோது தோம்பைக் குலுக்கி, கட்டிப் பிடித்து, கெஞ்சி, கடைசித் தீயில் ஒரு கோப்பை மைலோ காய்ச்சிக் கொடுத்தாள்.

ஐயாசாமி அம்மாவைக் கும்பிட்டுவிட்டுப் பின்வாசலுக்கு வந்து நின்றார்.

"முன்னெல்லாம் மாசம் மூணு தோம்பு எடுப்பாங்கமா. இப்ப ஒன்னு நாலு மாசம் வருது. 'வேற கடைக்கு மாறிட்டீங்களா அக்கா'ன்னு கேட்டேன். 'அது வீட்டு கேஸ்பா, எம்மக வர்றப்ப மட்டுந்தான்'னாங்க."

"இப்பதான் அதுல வியாபாரம் பண்ணலாமே அங்கிள். நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல?" குரல் கிறீச்சிட்டது.

"சொன்னேன்லா. ஒரு தடவயா? 'அவ ஆபிஸ்லயே இருக்கறவ, பண்ணலாம்னா சொல்லமாட்டாளா'ன்னு கேட்டாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

லோஷினி விறகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிற்பகல் குளுவாங் சுடலையில் கொள்ளி வைத்தவளும் அவள்தான். ஆண்பிள்ளை இல்லையே என்று முனகியவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் செருப்பைத் தேடத் தொடங்கினார்.

வீடு திரும்பித் தலை முழுகியதும் பெரியம்மா சொன்னாள், "இப்பப் பத்த வை."

தோம்பைத் தட்டிக் கேட்டாள். நிறைந்திருந்தது. திருகியதும் நீலத் தீ வட்டமாக எழுந்தது. அதன் முன்னால் அப்படியே நின்றாள்.

"என்னடி வேடிக்க? தண்ணி வை. கேஸ் வீணாப் போகுது."

"போகட்டும் பெரியம்மா."

பின்வாசலுக்குப் போய் அம்மாவின் இட்லிப் பானையைத் தூக்கி வந்தாள். பெரியம்மா நகர்ந்து வழிவிட்டாள். லோஷினி பானையில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றினாள். அடிக்கரியிலிருந்து ஒரு துணுக்கு உதிர்ந்து, நீலத் தீயில் ஒரு கணம் சிவந்து மறைந்தது.